காலுக்கு ஏது சாயம்

எங்கள் தெருவில் வாயும் வயிறுமாக இருக்கிற பெண்கள், எதிர்வீட்டு அத்தை வருவதைப் பார்த்தால் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வார்கள். உட்கார்ந்திருப்பவள் சம்மணம் போட்டுக்கொள்வாள். நின்றுகொண்டிருப்பவள் கொசுவத்தைத் தழைய விடுவாள். ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற புதுப்பெண்ணுக்கு மாமியார் இதை மறக்காமல் சொல்லிவைப்பாள். "எதிர்ல அந்தம்மா வந்தா காலைப் பத்திக் கேக்கும். காட்டாத. பதிலும் சொல்லாத. உள்ள வந்துடு."

அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "உள்ளங்கால் அரிக்குதா கண்ணு?"

இல்லை என்று சொன்னால் போய்விடமாட்டாள். அங்கேயே நின்று இன்னொரு தடவை கேட்பாள். கண் முழுக்கக் காலிலேயே இருக்கும். கர்ப்பிணியின் முகத்தைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்றுதானே யாரும் எதிர்பார்ப்பார்கள்? இவள் இப்படிக் கேட்டால் யார்தான் பயப்படமாட்டார்கள்? அவளை வளைகாப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு பூ முடிக்கக் கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள். ஒரு மாமியார் நடுத்தெருவில் வைத்து, "எங்க வூட்டுப் பொண்ணுமேல கண்ணு வெக்காதம்மா, புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அத்தை அதற்கும், "கண்ணு வெக்கல. அரிக்குதான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள்.

இதே அத்தையைத்தான் அதற்கு முன்னால் தெருவே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது.

அவள் நர்ஸும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. அவள் புருஷன் நெய்வார். அவள் ராட்டையில் பட்டு சுற்றுவாள். வரிசையாகப் பையன்களைப் பெற்றவள். ஒரு கட்டு நூலில் ஓர் இழை நிறம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணோடுதான் பெண்களின் தோலையும் பார்த்தாள். யாருக்காவது நாள் தள்ளிப்போனது தெரிந்தால் போதும், வேலைகளைப் போட்டுவிட்டு வந்து தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். கழுத்து கறுத்தால் இது, அக்குள் கறுத்தால் அது, தொப்புளுக்குக் கீழே கோடு விழுந்தால் இன்னொன்று என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. எந்தப் பதிலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முடியும்.

"ஒண்ணும் இல்லடி."

அதை அவள் சொல்கிற விதம் இருக்கிறதே, அதற்காகவே பெண்கள் போனார்கள் என்று நினைக்கிறேன். சொல்லும்போதே முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். புடவைத் தலைப்பால் வந்தவளின் முகத்தை அழுத்தித் துடைத்துவிடுவாள். அழுதுகொண்டு போனவள் சிரித்துக்கொண்டு வருவாள். நாங்கள் சின்னப் பெண்கள் அவள் இல்லாத இடத்தில் அவளை 'ஒண்ணுமில்ல அத்தை' என்றே சொல்வோம்.

பெரணமல்லூரிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்த ஒரு மருமகளுக்கு ஆறாவது மாசத்தில் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. கட்டினவன் கரிச்சட்டி என்று கிண்டல் செய்தான். அவள் முகத்தில் தலைப்பைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கவே வரமாட்டேன் என்றாள். அத்தை நேராகப் போய் அவன் தறி முன்னால் நின்றாள். "ஏன்டா, உன் மூஞ்சில இன்னா ஜரிகையா ஓடுது? உன் புள்ளைய சுமக்கத்தான் அவ மூஞ்சி கறுத்துகினு நிக்குது. இன்னொரு வாட்டி பேசினே, தறி நாடாவைப் புடுங்கிகினு பூடுவேன். அப்பறம் கையால நெய்யி." மங்கு விழுந்தால் பெண் குழந்தை என்பது அவள் கணக்கு. அந்த வீட்டில் ஆண் பிறந்தது. "அது வேற மங்கு" என்று கூசாமல் சொன்னாள். அவள் சொன்னதில் பாதி அனுபவம், பாதி குருட்டாம்போக்கு. ஆனால் யார் அதையெல்லாம் கணக்குப் பார்த்தார்கள்?

தெருக்கோடி வீட்டு மருமகள் சங்கதிதான் அத்தையின் பேரை ஒரேயடியாக நிலைநிறுத்தியது. அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் வயிறெல்லாம் சிவந்து தடித்துப்போனது. மாமியார் அது அம்மை என்று முடிவு கட்டினாள். வாசலில் வேப்பிலை செருகினாள். மருமகளைத் தனி அறையில் படுக்கவைத்து, கஞ்சியைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடிவந்தாள். அத்தை யாரையும் கேட்காமல் உள்ளே போய்ப் பார்த்தாள். வெளியே வந்து வேப்பிலையைப் பிடுங்கி வீசினாள். "அம்மைன்னா மூஞ்சிய உட்டுட்டு வயித்துல மட்டுமா குந்திகினு இருக்கும்? வயிறு விரிஞ்ச கோட்டு மேலயே தடிச்சிருக்குது பாரு. தோலு இழுக்கறதுக்கு வர்றது. புள்ள பொறந்தா போயிடும். ஒண்ணும் இல்ல." குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தீட்டுக் கழிக்கிற நாளுக்குள் தடிப்பும் போய்விட்டது. அதற்குப் பிறகு அத்தை சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது.

என் அக்கா முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தது இதற்கு அடுத்த வருஷம். வெம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வளைகாப்பில் முதல் வளையலைப் போட்டவளே அத்தைதான். அக்காவைத் தூக்கி வளர்த்தவள் அவள். 'பெரியவளே' என்று ஒரு குரல் கொடுத்தால் அக்கா பெற்ற தாயை விட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடுவாள்.

எட்டாம் மாதத்தில் அக்காவுக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது.

நெசவு வீட்டில் கை அரித்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். எங்கள் எல்லோருக்கும் எப்போதாவது வந்து போயிருக்கிறது. அக்கா சும்மா உட்காரப் பிடிக்காமல் அம்மாவோடு பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த மாதம் புதிதாக ஒரு சாயக்காரரிடமிருந்து அரக்கு நிற நூல் வந்திருந்தது. எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. அக்கா சொறிந்து சொறிந்து உள்ளங்கைத் தோல் சொரசொரப்பாகி, நூல் அதில் மாட்டி அறுந்தது. அப்பா முணுமுணுத்தார். அத்தை வந்து அக்காவின் கையைப் பார்த்தாள். "அரக்குச் சாயம். வேற இன்னா? நூலைத் தொடாத. கையில எண்ணெ தடவிகினு குந்து" என்றாள். பட்டு சுற்றுகிற கையில் எண்ணெய் இருக்கக்கூடாது. நூலில் கறை ஏறிவிடும். அதனால் அக்கா ராட்டையை விட்டு எழுந்தாள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். அரிப்பு நிற்கவில்லை.

பிறகு வயிறு அரித்தது. "புள்ளைக்கு முடி மொளைக்குது" என்று அத்தை சிரித்தாள். அது எல்லா ஊரிலும் சொல்வதுதான்.

பிறகு உள்ளங்கால் அரித்தது. "சூடு. வெந்தயம் ஊறவெச்சுக் குடி."

கைக்கு ஒரு காரணம், வயிற்றுக்கு ஒரு காரணம், காலுக்கு ஒரு காரணம். மூன்றையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அக்காவின் உடம்பில் ஒரு பொரி கிடையாது. ஒரு தடிப்பு கிடையாது. சொறிந்த கீறலைத் தவிரக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. தோலில் எதையாவது பார்த்திருந்தால் அத்தையும் யோசித்திருப்பாள். அவள் கண்ணால் பார்க்கிறவள்.

கயிற்றுக் கட்டிலின் கயிற்றில் உள்ளங்காலை வைத்து அக்கா தேய்த்துக்கொண்டே இருப்பாள். சாப்பிடும்போதும் தட்டின் விளிம்பில் உள்ளங்கையைத் தேய்ப்பாள். தூக்கமில்லாமல் கண் உள்ளே போய்விட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வரட்டா அத்தை?" என்று அவள் கேட்டதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அம்மாவைக் கேட்கமாட்டாள். அம்மாவும் அத்தையைத்தான் கேட்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"அரிப்புக்கா ஆஸ்பத்திரி? வெயில்ல பஸ்ஸுல குலுங்கிகினு போயி இன்னா ஆவப்போவுது? அடுத்த மாசச் செக்கப்புக்குப் போவும்போது சொல்லிக்கலாம். ஒண்ணும் இல்லடி பெரியவளே." முதுகில் ஒரு தட்டு.

அந்தச் செக்கப்புக்கு முன்னாலேயே ஒரு நாள் காலையில் குழந்தை அசையவில்லை என்று அக்கா சொன்னாள். பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அத்தையும் வெந்நீர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தாள். போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பையன். முழுசாக வளர்ந்த பிள்ளை. துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். தலைப்பக்கம் துணி நழுவியபோது பார்த்தோம். கன்னங்கரேலென்று அவ்வளவு முடி. நெற்றியிலும் காதோரத்திலும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. என் சின்னம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "எதிர்வூட்டு அண்ணி சொன்னாப்பலயே இருக்குதே. எம்மாம் முடி பாரு."

யாரும் குத்திக்காட்டச் சொன்னதல்ல. சின்னம்மா வெள்ளந்தி. வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனால் நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். அழவில்லை. அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இன்றைக்கும் சில சமயம் எனக்குக் கனவில் வருகிறது. குழந்தை வருவதில்லை. அத்தைதான் வருகிறாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.  தெரு முனை வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"காலும் அரிச்சுதே, சின்னவளே. காலுக்கு ஏது சாயம்?"

 கேட்டுவிட்டு இறங்கித் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்றோடு 'ஒண்ணும் இல்ல' என்பது அவள் வாயிலிருந்து போனது. சும்மா பேச்சுக்குக்கூட வரவில்லை. பேரன் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும், மற்றவர்கள் சொல்வதைப்போல "ஒண்ணும் இல்ல, எழுந்திரு" என்று சொல்லமாட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கறியில் உப்பு அதிகமா என்று கேட்டால்கூட யோசிப்பாள்.

எங்கள் வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதைப் பெருமையாக நான் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது என்று இப்போது தெரிகிறது. அம்மா வழக்கம்போலக் குழம்பு கொடுத்தனுப்பினாள். "எல்லாம் அவ தலையெழுத்து. உங்க மேல இன்னா தப்பு அண்ணி?" என்றாள். அத்தை ஒருநாள் வாசலில் நின்று கத்தினாள். "தப்பில்லன்னு சொல்லாத! வாய்க்கு வந்தபடி திட்டு. ரெண்டு அறை அறை. குழம்பு குடுத்துகினு இருக்கியே, உனக்கு இன்னா பைத்தியமா?" அம்மா அழுதாள். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வாசற்படி ஏறவில்லை. அக்கா வெம்பாக்கத்துக்குத் திரும்பிப் போகிற அன்றைக்கு எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டாள். அவளும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "உடம்பப் பாத்துக்கங்க அத்தை" என்றுதான் சொன்னாளாம்.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி தெருவில் இறங்கியது. உள்ளங்கால் அரிக்குதா? தெருவில், தண்ணீர்க் குழாயில், கோயிலில் என்று அவள் இடம் பொருள் பார்க்கவில்லை. மத்தியான நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து தன் உள்ளங்காலைக் கயிற்று மிதியடியில் அவளே தேய்த்துக்கொண்டிருப்பாள். சரக், சரக் என்று எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அவளுக்கு அரித்ததா, இல்லை அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்தாளா, தெரியாது. அந்தச் சத்தம் வந்தால் அம்மா எழுந்துபோய் ரேடியோவைக் கூட்டிவைப்பாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. பாவமாகவும் இருந்தது. பயமாகவும் இருந்தது. பயம்தான் அதிகம்.

வருஷங்கள் போயின. எனக்கும் கல்யாணமானது. உள்ளூரிலேயே கொடுத்தார்கள். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் கழித்து நானும் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். அக்காவுக்கு அதுவரை மறுபடி தங்கவில்லை.

எனக்கும் அரித்தது. முதலில் கை, பிறகு கால்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் வாழ்க்கைப்பட்டது நெசவு வீட்டில் இல்லை, என் மாமியார் வீட்டில் மளிகைக் கடை. நான் சாயத்தைத் தொட்டே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அக்காவுக்கு வந்ததேதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் நிஜமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயந்தவர்கள் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்? ஒரு நாள் வாசற்படி விளிம்பில் குதிகாலை வைத்து என்னை அறியாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே அத்தை நின்றுகொண்டிருந்தாள். காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தெருவைத் தாண்டி, அத்தனை வருஷம் ஏறாத படியில் ஏறி, நேராக அம்மாவிடம் போனாள்.

"இவளை வேலூருக்குக் கூட்டிகினு போறேன். இப்பவே. தொணைக்கு நீயும் வா."

"இன்னா அண்ணி, வந்ததும் வராததுமா பயமுறுத்தறீங்க?"

"பயப்படு. நல்லாப் பயப்படு. ஜல்தி கெளம்பு."

கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, வழியெல்லாம் என் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வோர் அசைவுக்கும் அவள் கை இறுகியது. எனக்கு மூச்சு முட்டியது. கையை எடுங்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா இளம் வயசு. சிரித்த முகம். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. ஈரலிலிருந்து போகவேண்டிய பித்தநீர் சரியாகப் போகாமல் ரத்தத்தில் சேர்கிறது, அதனால்தான் தோலில் ஒன்றும் தெரியாமலே அரிக்கிறது, பிள்ளைக்கு அது ஆபத்து, நாள் முடிகிறவரை விடக்கூடாது, முன்னாலேயே பிரசவம் பார்த்துவிடலாம் என்றார். மாத்திரை எழுதினார். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். அம்மா தயங்கித் தயங்கி அக்காவைப் பற்றிச் சொன்னாள்.

"அப்ப கட்டாயம் இதுவாத்தான் இருந்திருக்கும். அவங்களுக்கு மறுபடி கரு நின்னா உடனே கூட்டிட்டு வாங்க. திரும்ப வர்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. பயப்படாதீங்க, தெரிஞ்சுட்டா பாத்துக்கலாம்."

அத்தை அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். ரெண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"டாக்டரம்மா, இந்த ரத்த டெஸ்ட்டு எப்போலேர்ந்து இருக்குதுங்க?"

புதுசாக வந்த டெஸ்ட் என்று சொல்லிவிடமாட்டாரா என்றுதான் கேட்டாள். எனக்கு அது அப்போதே புரிந்தது. டாக்டரம்மாவுக்கு எப்படிப் புரியும்? "ஈரலுக்கு எடுக்கற டெஸ்ட்டா? அது ரொம்ப காலமா இருக்கேம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அத்தை தலையாட்டினாள். "சரிங்க" என்றாள்.

எனக்கு மகள் பிறந்தாள். முன்கூட்டியே பிறந்ததால் கொஞ்சம் மெலிசு. மற்றபடி குறையில்லை. அத்தை அவளைத் தூக்கவில்லை. நானே நீட்டியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். என் மகள் விடுகிற ஒவ்வொரு மூச்சும், அக்காவின் பையனும் இருந்திருக்கலாம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கும். நான் அதற்கு என்ன செய்ய முடியும்?

குழந்தையைப் பார்க்க அக்கா வந்தாள். வந்த இடத்தில் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அம்மா என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "டாக்டரம்மா சொன்னது அவளுக்குத் தெரியவே கூடாது. விதி விதின்னு சொல்லி இத்தினி வருசமா ஆத்தி வெச்சிகினு இருக்கேன். காப்பாத்தியிருக்கலாம்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? சத்துக்கு ஊசி போடணும்னு சொல்லிக் கூட்டிகினு போயிடலாம்."

நானும் சரி என்றேன். அதற்குள் அத்தை கூடத்தில் வந்து நின்றாள். எப்படித் தெரிந்ததோ. அவள்தான் பார்த்தாலே கண்டுபிடிப்பவளாயிற்றே.

"பெரியவளே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அண்ணி, வேணாம்" என்று அம்மா ஓடிவந்தாள்.

அத்தை அம்மாவைப் பார்க்கவே இல்லை. "உனக்கு வந்தது சாயத்தால வந்த அரிப்பு இல்ல. உன் தங்கச்சிக்கும் அதேதான் வந்துச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடுமாம். அந்த டெஸ்ட்டு அப்பவே இருந்துச்சாம். இப்பவும் உனக்கு வரும்னு சொல்றாங்க. நீ போயிப் பாக்கணும். யார் இன்னா சொன்னாலும் கேக்காத. போயிப் பாரு."

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.  குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நான் உங்களைக் கேட்டனா அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போவட்டான்னு?"

"கேட்டே."

"எத்தினி தடவ கேட்டேன்?"

"நெறைய தடவ கேட்டே கண்ணு."

"கண்ணுன்னு சொல்லாதீங்க. நீங்க அதுக்கு இன்னா சொன்னீங்க?"

 அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா மறுபடியும் கேட்டாள். "வாயத் தொறந்து சொல்லுங்க. இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்தாள். எழுந்து நின்றாள். "என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க. நான் சாவுற வரைக்கும் இந்த வூட்டுப் படி ஏறாதீங்க. போங்க." அத்தை திரும்பி நடந்தாள். அவள் தெருவைக் கடப்பதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிள்ளை போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அன்றைக்குத்தான் அவள் பையனுக்காக அழுதாள்.

மூன்றாவது மாதத்திலிருந்தே அக்கா வேலூருக்குப் போய்க் காட்டினாள். அஞ்சாம் மாதம் முதல் ஆரணியிலேயே தங்கிவிட்டாள். நான் கூடப் போவேன். பஸ் ஸ்டாண்டில் நாங்கள் ஏறி முன்னால் உட்கார்ந்த பிறகு, பின்வாசல் வழியாக அத்தை ஏறுவாள். கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் போனால், எதிரே டீக்கடை பெஞ்சில் காத்திருப்பாள். நாங்கள் வெளியே வரும்போது எழுந்து நிற்பாள். கிட்டே வரமாட்டாள். திரும்புகிற பஸ்ஸிலும் கடைசி சீட்டு. அக்காவுக்குத் தெரியும். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "போவச் சொல்லட்டா?" என்று ஒருமுறை கேட்டேன். "பஸ்ஸு அவங்க அப்பன் வூட்டுதா, நம்ம அப்பன் வூட்டுதா? யாரு வேணா ஏறலாம்" என்றாள். முகம் கல்லாக இருந்தது.

ஏழாம் மாதம் முடியும்போது அரிப்பு வந்தது. சொன்னபடியே வந்தது. மாத்திரை, மறுபடி ரத்தம், மறுபடி மாத்திரை. அக்கா உள்ளங்காலைச் சுவரில் தேய்த்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா அசைகிறதா என்று எங்களை எல்லாம் வயிற்றில் கைவைத்துப் பார்க்கச் சொல்வாள். எதிர்வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்தே இருந்தது.

நாள் குறித்து அட்மிட் செய்தார்கள். அன்று காலை பதினோரு மணிவாக்கில் குழந்தை பிறந்தது. பையன்தான். அவனைத் துடைத்து அக்காவின் மார்பில் போட்டார்கள். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"எதிர்ல குந்திகினு இருக்கும். போயி சொல்லிட்டு வா."

நான் கதவுவரை போனேன்.

"உள்ள கூட்டிகினு வந்துடாத" என்றாள்.

டீக்கடை பெஞ்சில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"பொறந்துடுச்சு அத்தை."

ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

"அழுதுதா?"

"அழுதுச்சு. வராண்டா வரைக்கும் கேட்டுச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. "கண்ணாடிக் கதவு வழியா ஒரு தரம் பாத்துட்டுப் போங்க அத்தை. அவளுக்குத் தெரியாது" என்றேன்.

"அவ கூப்ட்டாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்துக்கு எதிரே பொய் வரவில்லை. "இல்ல அத்தை. சொல்லிட்டு வான்னு மட்டும்தான் சொன்னா."

"கூப்பிடக் கூடாது" என்றாள் அத்தை. "நானா இருந்தாலும் கூப்பிட மாட்டேன்."

சொல்லிவிட்டு ஆரணி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.